எத்தனை கிலோ கேட்பது?

(புதுச்சேரி நகரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் கூட்டமைப்பின் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று எல்லா கொம்யூன்களிலிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பதிவேடு என்றுதான் பேசுவோம். இன்றைக்குப் பலகையில் 'பளுதூக்கும் போட்டி' என்று எழுதியதும் சிலர் சிரித்தீர்கள். "தினமும் தூக்கறது போதாதா, இதுல போட்டி வேறயா?" என்று ஒரு அக்கா கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது.

கேள்வி நியாயமானதுதான். தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, மீன் கூடை, சித்தாள் வேலையில் பாண்டு பாண்டாகக் கலவை, எல்லாம் நாம் தூக்குவதுதான். அதற்கு யாரும் மெடல் போடுவதில்லை. ஆனாலும் இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சில குழுக்களிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஸ்கூல்ல பி.டி. டீச்சர் எங்க பொண்ணைப் பளுதூக்கச் சேர்க்கச் சொல்றாங்க. சேர்க்கலாமா? உடம்பு கெட்டுடுமா? கல்யாணத்துக்கு இடைஞ்சலா?" பதில் சொல்வதற்கு முன்னால் அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் முதலில் போட்டி, பிறகு பயம்.

இரண்டே தூக்கு

ஒலிம்பிக்கில் நடக்கும் பளுதூக்குதலில் இரண்டே வகைதான். ஒன்று ஸ்நாட்ச். தரையில் கிடக்கும் கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு போய்க் கையை நீட்டி நிற்க வேண்டும். நடுவில் எங்கும் நிறுத்தக் கூடாது. இன்னொன்று கிளீன் அண்ட் ஜெர்க். இதில் இரண்டு கட்டம். முதலில் தரையிலிருந்து தோள் வரைக்கும் ஏற்றி எழுந்து நிற்க வேண்டும். பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு உதை உதைத்து, தலைக்கு மேல் தள்ள வேண்டும். நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்டால் முதலாவதை 'அராஷே' என்பார்கள், 'பிடுங்குவது' என்று அர்த்தம். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்குகிற மாதிரி ஒரே பிடுங்கு.

டி.வி.யில் பார்த்தால் எல்லாம் கை பலம் என்று தோன்றும். அப்படி இல்லை. அவ்வளவு கனத்தைக் கையால் தலை உயரத்துக்குத் தூக்க யாராலும் முடியாது. காலும் இடுப்பும் சேர்ந்து கம்பியை மேலே விரட்டும். கம்பி ஏறிக்கொண்டிருக்கும்போதே தூக்குகிறவர் சட்டென்று அதற்குக் கீழே போய்க் குந்தி உட்கார்ந்து வாங்கிக்கொள்வார். அதன் பிறகு எழுந்திருப்பார். அதாவது பளு மேலே போவது பாதி, ஆள் கீழே போவது மீதி. மீன் கூடையைத் தலைக்கு ஏற்றும்போது நாமும் கொஞ்சம் குனிந்து, சும்மாட்டில் வாங்கி, பிறகு நிமிர்கிறோமே, அதே கணக்கு. நமக்கு ஏற்றிவிட ஒரு ஆள் வருவார், அங்கே யாரும் கை கொடுக்க முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்களுக்கான கம்பி 15 கிலோ. ஆண்களுக்கு 20 கிலோ. பெண்கள் கம்பி கொஞ்சம் மெலிசு, 25 மில்லிமீட்டர். கைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அப்படி. கம்பியின் இரண்டு பக்கமும் வட்டத் தட்டுகள் மாட்டுவார்கள். ஒவ்வொரு எடைக்கும் ஒரு நிறம். சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10, வெள்ளை 5. தட்டு கழன்று விழாமல் இருக்க இரண்டு பக்கமும் இரண்டரை கிலோ பூட்டு. இந்த நிறம் தெரிந்தால் போதும், அறிவிப்பாளர் சொல்லும் இங்கிலீஷ் புரியாவிட்டாலும் எத்தனை கிலோ என்று நாமே சொல்லிவிடலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். பதிவேடு எழுதுகிறவர்கள் மனசுக்குள் கூட்டுங்க. கம்பி 15, பூட்டு இரண்டும் சேர்ந்து 5, ஆக 20. ஒரு பக்கத்தில் சிவப்பு 25, நீலம் 20, சின்னத் தட்டு இரண்டரை. மொத்தம் 47.5. இரண்டு பக்கமும் 95. கம்பியோடு சேர்த்தால் 115 கிலோ. இந்த 115 கிலோவைத்தான் 24 ஜூலை 2021 அன்று, ஒரு சனிக்கிழமை, டோக்கியோவில் மணிப்பூர் மீராபாய் சானு தலைக்கு மேல் தூக்கி நின்றார். அவர் உடல் எடை 49 கிலோவுக்குள். ரேஷன் அரிசி இல்லை, கடையில் வாங்கும் 25 கிலோ சிப்பம் இருக்கிறதே, அது நாலும் அதற்கு மேல் 15 கிலோவும். தன் உடம்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே.

எடை கேட்பதுதான் ஆட்டம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தூக்குவது பாதி ஆட்டம் என்றால், 'எனக்கு இத்தனை கிலோ வையுங்கள்' என்று கேட்பது மீதி ஆட்டம். எங்களைக் கேட்டால் இதுதான் பெரிய பாதி.

ஒருவருக்கு ஸ்நாட்சில் மூன்று வாய்ப்பு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று வாய்ப்பு, ஆக ஆறு. இரண்டிலும் அவர் தூக்கியதில் பெரிய எடையைக் கூட்டினால் வருவது அவருடைய மொத்தம். மொத்தம் யாருக்கு அதிகமோ அவருக்குத் தங்கம். யார் யாருக்கு என்ன எடை என்று போட்டி நடத்துகிறவர்கள் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொருவரும் தானே கேட்க வேண்டும். பயிற்சியாளர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். குறைவாகக் கேட்டவர் முதலில் வந்து தூக்குவார். பிறகு எடை ஏறிக்கொண்டே போகும். கவனியுங்க: ஏறின எடை இறங்காது. ஒருத்தர் 90 கிலோவில் ஆரம்பிக்கிறேன் என்று சொல்லித் தூக்க முடியாமல் போட்டுவிட்டால், 'சரி, 85 வையுங்க' என்று கேட்க முடியாது. மறுபடியும் 90, இல்லை அதற்கு மேல். மூன்று வாய்ப்பும் போய்விட்டால் அந்தத் தூக்கில் பூஜ்யம். ஒரு தூக்கில் பூஜ்யம் என்றால் மொத்தமே கிடையாது, பட்டியலில் இடமும் கிடையாது.

குழுவில் கடன் கேட்கிறவர்களுக்கு இது புரியாமல் இருக்காது. முதல் கடன் கட்டி முடிக்கக் கூடிய தொகையாக இருக்க வேண்டும், அடுத்தது கொஞ்சம் கூட என்று தீர்மானம் போடுகிறோம். பளுதூக்குகிறவர்களும் அப்படித்தான் யோசிக்கிறார்கள். முதல் வாய்ப்பில் கேட்பது ஜுரம் வந்த நாளில்கூடத் தூக்கக் கூடிய எடை. இரண்டாவது, இடம் பிடிக்கிற எடை. மூன்றாவது, மெடலுக்கான எடை. இதற்கு நடுவில் எதிராளி என்ன கேட்கிறார், நமக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வாய்ப்புக்கு முன்னால் கேட்ட எடையை இரண்டு முறை மாற்றலாம் என்று விதி இருக்கிறது. அதனால் மேடைக்குப் பின்னால் பயிற்சியாளர்கள் சந்தையில் விலை பேசுகிற மாதிரி ஏற்றிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருப்பார்கள்.

பெயர் கூப்பிட்டால் ஒரு நிமிஷம். அதற்குள் கம்பி தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒருவரே அடுத்தடுத்துத் தூக்க வேண்டி வந்தால் இரண்டு நிமிஷம். மூன்று நடுவர்கள், எதிரில் ஒருவர், பக்கத்துக்கு ஒருவர். சரி என்றால் வெள்ளை விளக்கு, தப்பு என்றால் சிவப்பு. மூன்றில் இரண்டு வெள்ளை வேண்டும். கையை நீட்டிய பிறகு முழங்கை மடங்கி மறுபடி நிமிர்ந்தால் தப்பு. தோளுக்கு ஏற்றும்போது முழங்கை தொடையில் இடித்தால் தப்பு. ஆடாமல் நின்று, 'இறக்கு' என்று சைகை வந்த பிறகுதான் கீழே விட வேண்டும், முந்திக்கொண்டு போட்டால் தப்பு. அத்தனை கஷ்டப்பட்டுத் தூக்கி, சைகைக்கு முன்னால் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்தக் 'கேட்கிற' விஷயத்துக்கு நம் நாட்டிலேயே இரண்டு பெண்களின் கதை இருக்கிறது.

முதலாமவர் கர்ணம் மல்லேஸ்வரி. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர். அப்பா ரயில்வே பாதுகாப்புப் படையில் கான்ஸ்டபிள். 12 வயதில் தூக்க ஆரம்பித்தவர் 1994, 1995 இரண்டு வருஷமும் உலகச் சாம்பியன். அப்போதெல்லாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதலே கிடையாது. ஆண்களுக்கு 1896-இலேயே உண்டு. பெண்களுக்கு 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் கதவு திறந்தார்கள், நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து! அந்த முதல் வாய்ப்பிலேயே, 19 செப்டம்பர் 2000 அன்று, மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் மெடல் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது 25, கல்யாணமாகி மூன்று வருஷம். கல்யாணத்துக்கு இடைஞ்சலா என்று கேட்டவர்கள் குறித்துக்கொள்ளவும்.

அந்த நாளின் கணக்கைப் பாருங்க. மல்லேஸ்வரி ஸ்நாட்சில் 110, அடுத்ததில் 130, மொத்தம் 240. சீனாவின் லின் வெய்னிங், ஹங்கேரியின் எர்ஷெபெத் மார்குஷ் இரண்டு பேரும் 242.5. மல்லேஸ்வரிக்கு இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி. அந்தக் காலத்தில் எடையை இரண்டரை கிலோ படியாகத்தான் ஏற்றுவார்கள், ஒரு கிலோ படி 2005-இல்தான் வந்தது. 132.5 தூக்கினால் அவரும் 242.5, சமம். சமமானால் யார் உடல் எடை குறைவோ அவருக்கு முன்னிடம் என்பது அப்போதைய விதி. லின்னுக்குத் தங்கமும் மார்குஷுக்கு வெள்ளியும் கிடைத்தது இப்படித்தான், தூக்கிய எடையில் இரண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் 137.5 தூக்கிவிட்டால் மொத்தம் 247.5, எல்லாருக்கும் மேலே. மல்லேஸ்வரி தரப்பில் 137.5 கேட்டார்கள். தூக்க முடியவில்லை. வெண்கலத்தோடு வந்தார்.

கேட்டது சரியா, தப்பா? இருபத்தைந்து வருஷம் தாண்டியும் தெரிந்தவர்கள் வாதம் செய்கிறார்கள். கையில் வெண்கலம் நிச்சயமான பிறகு தங்கத்துக்குக் கேட்பதில் தப்பில்லை என்பது எங்கள் கட்சி. கையில் ஒன்றும் இல்லாதபோது அப்படிக் கேட்டால்தான் ஆபத்து.

இப்போது சமமானால் உடல் எடை பார்ப்பதில்லை. அந்த மொத்தத்தை யார் முதலில் எட்டினாரோ அவருக்கே முன்னிடம் என்று விதியை மாற்றிவிட்டார்கள்.

இரண்டாமவர் மீராபாய் சானு. மணிப்பூரில் நோங்போக் காக்சிங் என்ற கிராமம். சின்ன வயதில் மலையிலிருந்து விறகுக் கட்டு சுமந்தவர். பயிற்சி மையம் இம்பாலில், தினமும் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. மணல் ஏற்றிப் போகும் லாரிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய் விடுவார்களாம். மெடல் வாங்கிய பிறகு அந்த லாரி டிரைவர்களையெல்லாம் தேடிக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு மரியாதை செய்தார். 2021-இல் பத்திரிகையெல்லாம் எழுதிய செய்தி இது.

2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு என்ன நடந்தது தெரியுமா? ஆறு வாய்ப்பில் ஒன்றுதான் சரியாக வந்தது. கிளீன் அண்ட் ஜெர்க் மூன்றும் போயிற்று. மொத்தம் இல்லை. பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமே, 2017-இல், அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 194 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். மல்லேஸ்வரிக்குப் பிறகு 22 வருஷம் கழித்து இந்தியாவுக்கு வந்த உலகத் தங்கம்.

டோக்கியோவில் அவர் கேட்ட எடைகளை வரிசையாகச் சொல்கிறோம். ஸ்நாட்ச்: 84 சரி, 87 சரி, 89 தப்பு. கிளீன் அண்ட் ஜெர்க்: 110 சரி, 115 சரி, 117 தப்பு. மொத்தம் 202, வெள்ளி மெடல். ஆறில் இரண்டு தப்பு, ஆனால் அந்தத் தப்பு எந்த இடத்தில் வந்தது பாருங்க. இரண்டும் கடைசியில். முதல் படியைக் கெட்டியாக வைத்துவிட்டுத்தான் மேலே கை நீட்டியிருக்கிறார்.

பாரிஸ் 2024. அங்கே ஸ்நாட்ச் 88. கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் 111 போயிற்று, இரண்டாவதில் அதே 111 சரியாக வந்தது. மொத்தம் 199. கடைசியில் 114 கேட்டார், வரவில்லை. வெண்கலம் வாங்கிய தாய்லாந்துப் பெண்ணின் மொத்தம் 200. ஒரே ஒரு கிலோ! நம்ம வீட்டில் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட். அதில் போனது. போட்டி முடிந்ததும் மீராபாய் ஒளிக்காமல் ஒன்று சொன்னார். அன்றைக்கு அவருக்கு மாதவிடாயின் மூன்றாம் நாளாம். சாக்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். உலகமே பார்க்கும் இடத்தில் ஒரு பெண் அதைச் சாதாரணமாகச் சொன்னது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நம் வீடுகளில் அந்த மூன்று நாளும் குடத்தை யார் தூக்குகிறார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டோம்.

தராசு

இவர்கள் போட்டியிடுவது உடல் எடைப் பிரிவு வாரியாக. மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவு, மீராபாய் 48, பிறகு 49. இந்தப் பிரிவு எண்களை உலகச் சம்மேளனம் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடும். பிரிவுக்குள் இருக்கிறாரா என்று போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு தராசில் நிறுத்துவார்கள். மூடின அறை, பெண்களுக்குப் பெண் அலுவலர். ஒரு மணி நேரம் திறந்திருக்கும். கூட இருந்தால் அந்த ஒரு மணிக்குள் குறைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் பார்க்கலாம். முடிந்தால் சரி, இல்லாவிட்டால் போட்டி இல்லை.

மீராபாய் ஒரு கிலோவில் வெண்கலத்தை விட்டது 7 ஆகஸ்ட் 2024. அதே நாள் காலையில்தான் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், இறுதிப் போட்டிக்கு வந்த பிறகு, 100 கிராம் கூட இருந்ததற்காக வெளியேற்றப்பட்டார். மல்யுத்தத்தில் இரண்டாம் நாளும் நிறுத்துவார்கள், பளுதூக்குதலில் ஒரே நாளில் முடிந்துவிடும். 100 கிராமும் ஒரு கிலோவும் ஒரே நாளில். ராத்திரி முழுக்க ஓடி, சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், முடியைக்கூட வெட்டி எடையைக் குறைக்கப் பார்த்தார்கள் வினேஷுக்கு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், பெண்ணைச் சேர்க்கும் வீட்டார் கவனிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு ஒரு கீழ்ப் பிரிவில் நிறுத்தப் பார்க்கிறார்கள் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எடையைக் குறைக்கப் போய் மாதவிடாய் நின்றுவிட்டால் அது எச்சரிக்கை மணி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்க. வளரும் வயதில் மேல் பிரிவுக்குப் போவதில் ஒரு அவமானமும் இல்லை. மல்லேஸ்வரி உலகச் சாம்பியன் ஆனது 54 கிலோ பிரிவில், ஒலிம்பிக் மெடல் வாங்கியது 69-இல்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

உயரம் நின்றுவிடுமா? சரியான பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தால் பளுதூக்குவதால் வளர்த்தி நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நல்ல பயிற்சியாளர் பிள்ளையிடம் முதல் நாளே இரும்பைக் கொடுக்க மாட்டார். மரக் கழியையோ பிளாஸ்டிக் குழாயையோ கொடுத்துப் பல வாரம் அசைவை மட்டும் பழக்குவார். போன வாரம் சேர்ந்த பிள்ளையை இந்த வாரம் 'எவ்வளவு தூக்குற பார்ப்போம்' என்று சவால் விடுகிற இடமானால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கர்ப்பப்பை இறங்கிவிடுமா? இது பெண்ணை விட நமக்கான கேள்வி. பிரசவம் ஆன புதுசில் கனம் தூக்குவதும், ஏற்கெனவே அடியிறக்கம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தூக்குவதும் கூடாது. அது போட்டிக்கும் பொருந்தும், தண்ணீர்க் குடத்துக்கும் பொருந்தும். போட்டிக்கு மட்டும் பயந்துவிட்டுப் பச்சை உடம்புக்காரியைக் குடம் தூக்க விடுகிறோமே, அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. மல்லேஸ்வரி சிட்னிக்கு மறு வருஷம், 2001-இல், மகன் பெற்றார். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கும் போனார்.

உடுப்பு? உடம்போடு ஒட்டின உடுப்புதான், நடுவர் முழங்கையும் முழங்காலும் பார்க்க வேண்டும் என்பதற்காக. கையும் காலும் மூடின உடுப்பு வேண்டும் என்று அமெரிக்காவில் குல்சும் அப்துல்லா என்ற முஸ்லிம் பெண் கேட்டார். 2011-இல் உலகச் சம்மேளனம் ஒத்துக்கொண்டது. ஒரு பெண் கேட்டதால் உலகத்துக்கே விதி மாறியது. இன்று யாரும் முழுக்க மூடிக்கொண்டு போட்டியிடலாம்.

மாத்திரை, பவுடர்? இதில் கொஞ்சமும் இடம் கொடுக்காதீர்கள். இந்த விளையாட்டின் பெரிய களங்கமே ஊக்கமருந்துதான். 2004 ஏதென்ஸில் நம் நாட்டுப் பெண்கள் இரண்டு பேர் அதில் சிக்கினார்கள். உடம்பில் மருந்து இருந்தால், 'எனக்குத் தெரியாது, சார் கொடுத்தார்' என்பது செல்லாது. தூக்கினவர்தான் பொறுப்பு. பெயர் தெரியாத டப்பா, லேபிள் கிழித்த மாத்திரை எதுவாக இருந்தாலும், யார் கொடுத்தாலும் வேண்டாம். இருமல் மருந்தைக்கூட டாக்டரிடம் 'விளையாடுகிற பிள்ளை' என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். முட்டை, மீன், வேர்க்கடலை, பயறு, கேழ்வரகு, கீரை, பால் இவற்றில் இருக்கிற பலம் பிள்ளைக்குப் போதும். சோகை இருக்கிறதா என்று ரத்தம் சோதித்துவிட்டுச் சேருங்கள்.

வேலை கிடைக்குமா? விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தவர்கள் உண்டு. மல்லேஸ்வரிக்கு உணவுக் கழகத்தில் வேலை, 2021-இல் டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் ஆனார். மீராபாய்க்கு மணிப்பூர் காவல் துறையில் பதவி. நமக்குப் பக்கத்தில் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுக்கு வீடு பளுதூக்குகிறவர்கள் இருக்கிற தெருக்கள் உண்டு. அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டு காமன்வெல்த் போட்டியிலும் தங்கம் வாங்கி, தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் அப்பாவும் பளுதூக்கியவர்தான். ஆனால் நூறு பேர் சேர்ந்தால் இப்படி வருகிறவர் ஒருவர். அதனால் படிப்பை நிறுத்திவிட்டு இதற்கு அனுப்பாதீர்கள். இரண்டும் சேர்ந்து போகட்டும்.

வயதானவர்கள் தூக்கலாமா என்று பின்வரிசையில் ஒரு ஆயா கேட்டார்கள். பளுதூக்குதலுக்குச் சொந்தக்காரி மாதிரி இன்னொரு விளையாட்டு உண்டு, பவர்லிப்டிங் என்று. அதில் தலைக்கு மேல் தூக்க வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்தில் 82 வயதுப் பாட்டி ஒருவர் 2024-இல் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தார். பேரப் பிள்ளைகள் செய்யும் உடற்பயிற்சியைப் பார்த்து ஆரம்பித்தவராம். நெல்லைச் சீமையில் வடலிவிளை என்ற ஊரில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டியில் பெண்களும் இறங்குகிறார்கள். அதனால் ஆயா, டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்க, பார்க்கலாம்.

சேர்ப்பதற்கு முன்னால் தனியாகப் போகாதீர்கள். குழுவிலிருந்து நாலு பேராகப் போங்க. உலகச் சம்மேளனக் கணக்கில் 13 வயதிலிருந்து இளையோர் பிரிவு, அதனால் பிறப்புச் சான்றிதழில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் எல்லாருக்கும் தெரிந்த இடம். அந்தப் பக்கம் போகும்போது விசாரியுங்கள், பள்ளி பி.டி. டீச்சரையும் கேளுங்கள். பயிற்சி எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு விடுகிறார்கள், பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, வேறு பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள், உடை மாற்ற அறை உண்டா, வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கூட யார் வருவார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெற்றோர் வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். 'வரக் கூடாது' என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. இங்கே நாலு மூங்கில் கழி வைத்திருக்கிறோம். குடமோ மூட்டையோ தரையிலிருந்து எடுக்கும்போது முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டி எடுப்பது எப்படி என்று வரிசை வரிசையாக வந்து செய்து பார்க்கலாம். பளுதூக்குகிறவர்கள் முதலில் படிக்கிற பாடம் அதுதான். இடுப்பு வலி உள்ளவர்கள் செய்ய வேண்டாம், உட்கார்ந்து பார்த்தால் போதும். பாகூர்க்காரங்க முதல்ல வாங்க.